யசோதா மெஸ்ஸுக்கு ஒத்த ஸ்டார்

முனிராஜ்: ...படிங்கண்ணா. எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குது. முப்பது வருஷம் ஆபீஸ்ல லெட்டர் எழுதினவரு நீங்க. உங்களுக்கு இது ஒரு மேட்டரா?

ஆம்ப்ரோஸ்: கண்ணாடியை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன் முனிராஜு.

முனிராஜ்: தலை மேல இருக்குது பாருங்க.

ஆம்ப்ரோஸ்: ...ஓ.

யசோதா: ஏங்க, அண்ணன் இப்பதான் சாப்ட்டுக் கை கழுவிட்டு உக்காந்தாரு. மோரையாவது குடிக்க விடுங்க. கடையில ஈ காக்கா இல்லாத நேரம், நீங்களும் செத்த சாயலாம் இல்ல?

முனிராஜ்: சாயறதா? அஞ்சு மணிக்கு அந்த ஐடி பார்க் லீனா மேடம் போனைத் தெறந்து நம்ம கடையைப் பாக்கப் போறாங்க. 'யசோதா மெஸ், மர்பி டவுன்'னு போட்டா, வரிசையா ஒத்த ஸ்டார் நிக்குது. இதைப் பாத்துட்டு ஐடி பார்க்குல யாரு ஸ்டால் குடுப்பாங்க?

யசோதா: குடுத்தா குடுக்கறாங்க, இல்லேன்னா—

முனிராஜ்: இல்லேன்னா இன்னா இல்லேன்னா? ஷ்ரேயாஸ் சொல்லிட்டான். புதுசா ஒரே ஒரு ஒத்த ஸ்டார் இருந்தாக்கூட நம்ம பேரைத் தூக்கிடுவாங்களாம். ஆன்லைன்ல மானம் போனா போனதுதானாம்.

ஆம்ப்ரோஸ்: ஷ்ரேயாஸ்னா... பின்னாடி குடுமி போட்டுக்கினு வருவானே, அவனா?

முனிராஜ்: அவனேதான். நம்ம பேஜைப் பாத்துக்கறவன்.

யசோதா: நல்லாப் பாத்துக்கினான். வந்த அன்னிக்கே என்னை அடுப்பு முன்னாடி நிறுத்தி, 'ஆண்ட்டி, சாம்பாரை ஸ்லோவா ஊத்துங்க, ஸ்மைல் மாடி'ன்னான். சாம்பாரைப் பாத்து எதுக்குடா சிரிக்கணும்?

ஆம்ப்ரோஸ்: அந்த ரீலை நானும் பாத்தேன்மா. புல்லாங்குழல் வேற. நீ ஊத்த ஊத்த, வீட்டுல யாரோ தவறிட்ட மாதிரி இருந்துச்சு.

யசோதா: இவரை 'ஹாய் கய்ஸ்'னு சொல்லச் சொன்னான். காலையிலேர்ந்து 'ஹாய் கேஸ், ஹாய் கேஸ்'னு கத்திகினு இருந்தாரு. சிலிண்டர்காரன் வந்து நின்னுட்டான்.

முனிராஜ்: சிரிங்க, சிரிங்க. அதெல்லாம் மார்க்கெட்டிங். அந்த ரீலைப் பாத்துத்தான் லீனா மேடமே கூப்ட்டாங்க.

ஆம்ப்ரோஸ்: அது சரி... அங்க ஸ்டால் கெடைச்சா, இந்தக் கடை?

முனிராஜ்: ரெண்டு கடைக்கு ஒரு யசோதாதானே இருக்கா? இதை மூடித்தான் ஆவணும்.

ஆம்ப்ரோஸ்: ம்...

யசோதா: ம்...

முனிராஜ்: இன்னா ரெண்டு பேரும் 'ம்' கொட்றீங்க? நல்ல விஷயம் சொன்னா ஒரு சிரிப்பு வேணாமா?

யசோதா: சிரிச்சோமே.

முனிராஜ்: எப்ப?

யசோதா: அன்னிக்கே. நீங்க சொன்ன அன்னிக்கு.

முனிராஜ்: சரி, படிங்கண்ணா. முதல்ல இது. 'ஹானஸ்ட் ஃபூடி'னு பேரு.

ஆம்ப்ரோஸ்: ம்ம்... 'உணவு சுமாராக இருந்தது.' அவ்ளோதான். அடுத்தது.

முனிராஜ்: ஒரு முழ நீளத்துக்கு எழுதி வெச்சிருக்கான், அவ்ளோதானா? இங்க பாருங்க, 'ஸ்டோன்'னு இருக்குது. அது கல்லு தானே? அது எனக்கே தெரியும்.

ஆம்ப்ரோஸ்: ...வடை கல்லு மாதிரி இருந்துச்சாம்.

யசோதா: கல்லுன்னா எழுதி இருக்கு? கொஞ்சம் கெட்டின்னு எழுதினா பத்தாதா?

ஆம்ப்ரோஸ்: இங்கிலீஷ்ல அப்டி போட்டாத்தாம்மா ஒரு வெயிட்டு வரும்.

முனிராஜ்: இன்னாண்ணா அவனுக்கு சப்போர்ட்டா?

ஆம்ப்ரோஸ்: சேச்சே. எழுதினவன் அப்டி நெனச்சிருப்பான்னு சொன்னேன்.

முனிராஜ்: சாம்பாரைப் பத்தி இன்னா?

ஆம்ப்ரோஸ்: சாம்பாரு... 'இது சாம்பார் அல்ல, அல்சூர் ஏரி. பருப்பைக் கண்டுபிடிக்க ஒரு படகு தேவை.'

யசோதா: படகா!

ஆம்ப்ரோஸ்: நானா சொல்றேன்? எழுதி இருக்கும்மா.

யசோதா: தண்ணின்னு ஒரு வார்த்தையில போகற விஷயம். அதுக்கு ஏரியாம், படகாம்.

முனிராஜ்: ரேட்டிங் கெடக்கட்டும் யசோ, ஸ்டால் கெடக்கட்டும். உன் சாம்பாரை ஏரின்னான் பாரு, அவன் மட்டும் கையில கெடைச்சான்... சாம்பாரைத் திட்டி இருக்கான்னு ஷ்ரேயாஸ் சொன்ன அன்னிக்கு ராத்திரியே எனக்கு சோறு எறங்கல. அதான் பதில் போட்டேன்.

ஆம்ப்ரோஸ்: அதையும் பாத்தேன். கீழேயே இருக்குது. 'தம் இத்ரெ பாரோ.'

யசோதா: தைரியம் இருந்தா வாடான்னு கன்னடத்துல போட்டா வெச்சீங்க? எல்லாரும் பாக்கற எடத்துலயா?

முனிராஜ்: எனக்கு டைப் அடிக்க எங்க வருது? மைக்கை அழுத்திட்டுப் பேசினேன். வாயில வந்தது அப்டியே ஏறிடுச்சு. ஷ்ரேயாஸ் போன் பண்ணி அழாத கொறை. 'அங்கிள், டியர் கஸ்டமர், வீ ஆர் சாரின்னு போடணும்'னான். சரின்னு அதை எல்லாத்துக்கும் கீழ போட்டேன்.

ஆம்ப்ரோஸ்: எல்லாத்துக்கும்தான் போட்டிருக்கே. நம்ம லாயிடு 'சூப்பர் சாப்பாடு'ன்னு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கான். அதுக்குக் கீழயும் 'உங்களுக்கு நேர்ந்த கஷ்டத்துக்கு வருந்துகிறோம்.'

யசோதா: அதான் லாயிடு ஒரு வாரமா இந்தப் பக்கம் வரல.

முனிராஜ்: அதை விடு. அண்ணா, இதுல இன்னும் ஒரு வரி இருக்குதே.

ஆம்ப்ரோஸ்: ஆங்... 'ஆனால் ஓனர் தங்கமான மனுஷன். எப்பவும் சிரிச்ச முகம். அவருக்காக ஒரு ஸ்டார்.'

முனிராஜ்: எது, நானா? வடை கல்லு, சாம்பார் ஏரி, நான் தங்கமா? யாருண்ணா இவன்? லூசா?

ஆம்ப்ரோஸ்: நல்ல மனசுக்காரனா இருப்பான்.

முனிராஜ்: பேரு பக்கத்துல ஒரு நாய்ப் படம் இருக்குது பாருங்க. இதை நான் எங்கயோ பாத்திருக்கேன்.

ஆம்ப்ரோஸ்: வெள்ளைப் பொமரேனியன் எல்லாமே அப்டித்தான்பா இருக்கும்.

முனிராஜ்: உங்க நோரா மாதிரியே இல்ல?

ஆம்ப்ரோஸ்: நோரா இவ்ளோ குண்டு இல்ல. போட்டோவுல குண்டாத் தெரியும்... அதாவது, போட்டோ எடுத்தாத் தெரியும். நோராவை நான் போட்டோவே எடுத்ததில்ல.

யசோதா: அண்ணா, மோரு குடிங்க.

முனிராஜ்: சரி, அடுத்தது. ரோஜாப்பூ படம் போட்டவன்.

ஆம்ப்ரோஸ்: 'ரசத்தில் முன்பிருந்த மணம் இல்லை. பெருங்காயத்தை மாற்றிவிட்டார்கள். கட்டிப் பெருங்காயம் போய் தூள் வந்துவிட்டது. ஓனரைக் குறை சொல்ல முடியாது. அவர் குழந்தை மாதிரி.'

முனிராஜ்: பெருங்காயத்தை மாத்தினியா யசோ?

யசோதா: ஆமா. பொங்கலுக்கு அப்புறம் நல்ல கட்டி கெடைக்கல.

முனிராஜ்: எனக்கே தெரியாதே!

யசோதா: உங்களுக்கு ரசம்னா சூடா இருக்கணும், அவ்ளோதான். நாக்கு இருக்கறவனுக்குத் தெரியும்.

முனிராஜ்: தட்டுல ஊத்தறதைக் குடிச்சிட்டு, டப்பாவுல கட்டியா தூளான்னு சொல்றான்னா... அவன் நாக்கா, இன்ஸ்பெக்டரா?

ஆம்ப்ரோஸ்: பெங்களூர்ல பெரிய பெரிய நாக்கெல்லாம் இருக்குதுப்பா.

முனிராஜ்: ம்... மூணாவது?

ஆம்ப்ரோஸ்: மூணாவது... ஆங். இது நல்லா எழுதி இருக்கான். 'கீரையில் உப்பு இல்லை. பொரியலில் உப்பு இல்லை. ரசத்தில் உப்பு இல்லை. கேட்டால் அப்பளத்திலும் கை வைக்கிறார்கள். ஒரு மனிதன் உப்பில்லாமல் எத்தனை மாதம் உயிர் வாழ முடியும்? இது மெஸ்ஸா, ஆஸ்பத்திரியா?' கரெக்ட்டு தானே? ஒரு சிட்டிகை போட்டா இன்னா கொறைஞ்சிடும்? பக்கத்துத் தட்டுல ஊறுகாயைப் பாக்கும்போது எனக்குக் கண்ணுல தண்ணி...

முனிராஜ்: உங்களுக்கா?

ஆம்ப்ரோஸ்: எழுதினவனுக்கு.

முனிராஜ்: அண்ணா.

ஆம்ப்ரோஸ்: மோரு இன்னிக்கு நல்லா இருக்கும்மா யசோதா. இஞ்சி போட்டியா?

முனிராஜ்: அண்ணா, இந்தக் கடையில ஒருத்தன்கூட உப்பு இல்லன்னு இதுவரைக்கும் சொன்னது கெடையாது. உப்பில்லாம சமைக்கறது ஒரே ஒரு குண்டான்ல. தனியா, சின்னதா. அந்தக் குண்டான்ல சாப்பிடறது ஒரே ஒரு ஆளு. டாக்டர் 'பி.பி. இருக்குது'ன்னு சீட்டு எழுதினதும், அந்த ஆளு சம்சாரம் மௌரீன் அக்கா பேரனைப் பாத்துக்க பொண்ணு கேரல் வீட்டுக்குப் போறப்ப இவ கையைப் புடிச்சி, 'உப்பைக் கண்ணுலயே காட்டாதே யசோதா'ன்னு சொல்லிட்டுப் போனாங்களே, அந்த ஆளு.

யசோதா: அண்ணா! உப்பை நான் எழுதச் சொல்லவே இல்லையே!

ஆம்ப்ரோஸ்: மாதாவே.

முனிராஜ்: உப்பை நீ எழுதச் சொல்லல.

யசோதா: ...இல்ல.

முனிராஜ்: சரி. அப்ப எதை எழுதச் சொன்ன?

யசோதா: அடுப்புல பால் வெச்சிருக்கேன்...

முனிராஜ்: பால்காரன் இன்னும் வரவே இல்ல. உக்காரு.

ஆம்ப்ரோஸ்: அவளைத் திட்டாதே முனிராஜு. எழுதினது நான்தான். என் ஐடி, மௌரீன் ஐடி, கேரலோட பழைய ஐடி. மூணும் நான்தான். அல்சூர் ஏரிகூட என் சொந்தக் கற்பனை.

யசோதா: நான் 'சாம்பார் கொஞ்சம் தண்ணி, வடை கொஞ்சம் கெட்டி'ன்னுதான் சொன்னேன். பெருங்காயமும் சொன்னேன். உண்மையா ஒண்ணு இருக்கட்டுமேன்னு. உங்களைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை தப்பா வரக் கூடாதுன்னு கண்டிஷனாச் சொன்னேன்.

ஆம்ப்ரோஸ்: தங்கமான மனுஷன்னு அவதான் சொன்னா. நான் 'ஓகே'ன்னு போடலாம்னேன். ஒத்துக்கல.

முனிராஜ்: உன் கடைக்கு, உன் பேரு வெச்ச கடைக்கு, நீயே ஒத்த ஸ்டார் போட ஆள் வெச்சியா?

யசோதா: எனக்கு அங்க போக வேணாங்க. அன்னிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்களே. நெருப்பே வெக்கக் கூடாதாம், கரண்டு அடுப்பாம். சாம்பாரை விடிகாலையிலேயே இங்க வெச்சி, டப்பாவுல அடைச்சி எடுத்துட்டுப் போவணுமாம். தலையில ஷவர் கேப்பு மாதிரி ஒண்ணு. டிவியில நம்பர் வரும், ஒரு கை நீளும், தட்டை வெக்கணும். யாரு சாப்பிடறாங்கன்னே தெரியாது. இங்க வாசல்ல ஒருத்தன் வர்றப்பவே தெரியும், இன்னிக்கு இவனுக்கு வயிறு சரியில்ல, தயிர் சாதம் போதும்னு. அது போயிடுச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? எனக்கு அழுகையா வந்துச்சுங்க, அங்க நின்னப்ப.

ஆம்ப்ரோஸ்: எனக்கும் வேற குண்டான் எங்க இருக்கு?

முனிராஜ்: உப்பில்லன்னு ஊருக்கே சொல்லிட்டு, அந்தக் குண்டானும் வேணுமா உங்களுக்கு?

ஆம்ப்ரோஸ்: கோவம் வேற, பசி வேறப்பா.

முனிராஜ்: ஏன் யசோ, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?

யசோதா: எங்க சொல்றது? தெரு பூரா சொல்லிட்டீங்க. உங்க அண்ணன் அசோகன் வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸோட போனீங்க. புது சட்டை தெச்சீங்க. கண்ணாடி முன்னாடி நின்னு 'குட் மார்னிங் மேடம், டுடே ஸ்பெஷல்'னு பேசிப் பாத்தீங்க. அவ்ளோ ஆசையா இருக்கற மனுஷன்கிட்ட வேணாம்னு எந்த வாயால சொல்வேன்?

முனிராஜ்: ஆசையா? நீதானே சொன்ன! 'ஒரு நாளாவது ஏசியில நின்னு சமைச்சிட்டுத்தான் சாவணும்'னு. இதே எடத்துல நின்னு சொன்ன. எனக்கு அது மனசுலயே கெடந்துச்சு. கல்யாணம் பண்ணின நாள்லேர்ந்து அனல்லயே நிக்க வெச்சிட்டோமேன்னு.

யசோதா: அது மே மாசம்ங்க! கரண்டு வேற இல்ல. அன்னிக்கு ஐஸ் வண்டிக்குள்ள போய் உக்காருடின்னா அதுக்கும் சரின்னிருப்பேன்.

முனிராஜ்: அப்ப ஏசி...

யசோதா: ஒரு ஃபேன் போதும். அதுவும் றெக்கையைத் தொடைச்சி விட்டா.

ஆம்ப்ரோஸ்: இருங்க, இருங்க. அவளுக்காக நீ, உனக்காக அவ... அப்ப ரெண்டு பேருக்குமே—

முனிராஜ்: அண்ணா, நடுவுல நுழையாதீங்க. எனக்கு ஆசை இல்லன்னு யாரு சொன்னது?

யசோதா: இருக்கா?

முனிராஜ்: ...இருக்குது.

யசோதா: நெஜமா?

முனிராஜ்: ஸ்வீட் குடுத்தாச்சே. இல்லன்னா அசோகன் அண்ணன் மூஞ்சில எப்டி முழிக்கறது? இருக்குது. நெறைய இருக்குது.

யசோதா: அப்ப சரி. அண்ணா, போனை எடுங்க. மூணையும் எடுத்துடுங்க.

முனிராஜ்: இப்பவேவா?

யசோதா: பின்ன? அஞ்சு மணிக்குப் பாக்கறாங்க இல்ல?

முனிராஜ்: அண்ணனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நாளைக்குப் பொறுமையா...

ஆம்ப்ரோஸ்: கண்ணாடிதான் இருக்கே.

முனிராஜ்: உங்க போன்ல சார்ஜ் இருக்காதே.

ஆம்ப்ரோஸ்: ஃபுல்லா இருக்கு.

முனிராஜ்: யசோ, நல்லா யோசிச்சிக்கோ. அங்க டிவியில நம்பர் வரும். கை மட்டும் நீளும்.

யசோதா: பரவால்ல. பழகிக்கறேன். எனக்காக இவ்ளோ ஓடின மனுஷன் நீங்க. உங்க ஆசையைக் கெடுத்துட்டு இந்த அனல்ல நின்னா எனக்கு எப்டி சமைக்க வரும்? எடுங்கண்ணா.

ஆம்ப்ரோஸ்: ரோஜாப்பூ... போச்சு. உப்பு... போச்சு. உப்பை எடுக்கறப்பதான் மனசு வலிக்குது. அது பொய்யே இல்ல.

யசோதா: ம், அடுத்தது.

ஆம்ப்ரோஸ்: அந்த ஏரி வரியை மட்டும் விட்டுடட்டுமா? அழகா வந்திருந்துச்சு.

யசோதா: அண்ணா!

ஆம்ப்ரோஸ்: சரி, சரி... போச்சு. படகும் போச்சு. அவ்ளோதான், எல்லாம் க்ளீ... இல்லையே. இன்னும் ஒண்ணு நிக்குதே.

முனிராஜ்: அது ஒண்ணும் இல்லண்ணா, விடுங்க. அது தமிழ்ல இருக்குது. லீனா மேடத்துக்குத் தமிழ் தெரியாது.

யசோதா: ஒத்த ஸ்டாரு எந்த பாஷையில இருந்தாலும் ஒத்த ஸ்டாருதானே? நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணு இருந்தாக்கூடத் தூக்கிடுவாங்கன்னு? அண்ணா, இதுவும் நீங்களா?

ஆம்ப்ரோஸ்: சத்தியமா இல்லம்மா. எனக்குத் தமிழ் டைப் அடிக்கவே வராது.

யசோதா: அப்ப படிங்க. யாருன்னு பாப்போம்.

முனிராஜ்: நான்தான் படிச்சிட்டேனே. அதுல விஷயமே இல்ல. யசோ, பால்காரன் வர்றான் பாரு.

யசோதா: வரட்டும். படிங்கண்ணா.

ஆம்ப்ரோஸ்: ஒரு கமா கெடையாது, புள்ளி கெடையாது. மூச்சு விடாம எழுதி இருக்கான். 'இந்தக் கடையில் சாப்பாடு அமிர்தம் சாம்பாருக்கு ஈடே இல்லை சமைக்கிற அம்மா கை தங்கக் கை...'

யசோதா: நல்லதா சொல்றான்? அப்புறம் எதுக்கு ஒத்த ஸ்டாரு?

ஆம்ப்ரோஸ்: இரு, வருது. '...ஓனர்தான் சரியில்லை அவன் ஒரு மடையன் இங்கிலீஷ் தெரியாது கேப்பு போட்டா தலை அரிக்கும் ஐடி பார்க்குக்கு எல்லாம் லாயக்கு இல்லாதவன் யாரும் அவனுக்கு ஸ்டால் குடுக்காதீங்க...'

யசோதா: அடப்பாவி! எவன் அவன், உங்களைப் போய் மடையன்னு...

ஆம்ப்ரோஸ்: இன்னும் முடியலம்மா. '...ஒரு ஸ்டார் போதும்... ஏ யசோ ரெண்டு சாப்பாடு ஒண்ணுக்குப் பொரியல் வேணாமாம்... அண்ணா சில்லறையா குடுங்க...'

யசோதா: 'ஏ யசோ'வா?

ஆம்ப்ரோஸ்: ...நான் நோராவுக்கு சாப்பாடு வெக்கணும். கெளம்பட்டுமா?

யசோதா: உக்காருங்கண்ணா. ஏங்க.

முனிராஜ்: ம்.

யசோதா: மணி அஞ்சாகப் போவுது. அண்ணன் அவரோடதை எடுத்துட்டாரு. இதை யாரு எடுக்கறது?

முனிராஜ்: அதை எடுக்கணும்னா பாஸ்வேர்டு வேணும் யசோ... போட்ட அன்னிக்கே அதை வேணும்னே மறந்துட்டேன்.